ஒரே கம்பத்தில் ரெண்டு கயிறு

குற்றாலத்தில் பாறை மேலேயே பந்தல் போட்டவன் நான். குழி தோண்ட வழியில்லை. மணல் மூட்டையில் கம்பத்தை நிறுத்தினேன், சீசன் முழுக்க ஒண்ணும் அசையலை. இலத்தூரில் மேற்கேயிருந்து மேகாத்து சுழற்றி அடித்த அன்றைக்கு, மாப்பிள்ளை தலையில் ஒரு சொட்டு விழாமல் கல்யாணப் பந்தல் கட்டினேன். சிவகிரியில் யானை நுழையிற அளவுக்கு அலங்கார வளைவு. யானை வரலை, அது என் குற்றமில்லை. படிப்பு அஞ்சாம் கிளாஸ்தான். இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி போன வருஷம் ஒண்ணு கட்டினேன்: ஒரு செல், அதுவும் ரெண்டாகப் பிரிகிற செல்.

என் மகள் பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். அப்போ வேலை நிரந்தரமாகலை. தென்காசி அறிவியல் கண்காட்சியில் அவள் செய்கிற மாதிரி வடிவம் பரிசு வாங்கினால் நிரந்தரம் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. நூலும் அட்டையுமாக அவள் பாடுபட்டுச் செய்ததை, கண்காட்சிக்கு முந்தின நாள் அடித்த சாரல் கூழாக்கிவிட்டது. மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, இதுக்கா அழுத? என்ன கட்டணும், அதைச் சொல்லு."

சொன்னாள். செல்லுக்கு ரெண்டு முனை. ரெண்டிலிருந்தும் கதிர் இழைகள் கயிறு மாதிரி முளைத்து நீளும். ஒண்ணும் அகப்படலைன்னா சுருங்கி, வேற பக்கம் நீளும். நடுவில் குரோமோசோம்கள். ஒவ்வொண்ணும் இடுப்பில் ஒட்டின ரெட்டை, ஆளுக்கொரு கொக்கி. அந்தக் கொக்கியைத்தான் இழை பிடிக்கணும், ஒண்ணை இந்த முனை இழை, மற்றதை எதிர் முனை இழை.

"தடவித் தடவியா தேடுது? மேஸ்திரி யாரு?"

"மேஸ்திரியே கிடையாதுப்பா."

"அதான் இவ்வளவு சுத்தல்."

மறுநாள் காலையில் கண்காட்சி அரங்கிலேயே வேலையை ஆரம்பித்தேன். ரெண்டு பக்கமும் கம்பம், வளையத்தில் ஓடுகிற கயிறு, நடுவில் சுருட்டின பந்தல் துணி ரெட்டைகள். மேற்கு ஜன்னலோரம் இருந்த ரெட்டை மட்டும் காற்றில் ஆடிக்கொண்டே இருந்தது. காத்து வருகிற பக்கத்துக் கம்பத்தில் ரெட்டைக் கயிறு போடுவது எங்கள் தொழில் வழக்கம். கை தானாகப் போய் அதன் ரெண்டு கொக்கியையும் மேற்குக் கம்பத்திலேயே கட்டிவிட்டது. கட்டு நல்ல கட்டுதான், அதில் சந்தேகம் வேண்டாம்.

நடுவராக ஒரு பேராசிரியை அம்மா வந்தார். மகள் மேற்கே இழுத்தாள், நான் கிழக்கே இழுத்தேன். மற்ற ரெட்டையெல்லாம் நட்டநடுவில் விறைத்து நின்றன. ஓரத்து ரெட்டை மட்டும் முழுசாக மகள் பக்கம் ஓடிப்போய்க் கம்பத்தில் முட்டிக்கொண்டது.

"இது ஏன்மா ஒரே பக்கம் போகுது?" என்றார் நடுவர்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன். அந்த நேரம் நிரந்தர வேலை கயிற்றில்தான் தொங்கியது.

மகள் ஓரத்து ரெட்டையை எட்டிப் பிடித்தாள். "மேடம், தொட்டுப் பாருங்க. மத்ததை ரெண்டு பக்கமும் இழுக்குது, அதான் விறைப்பு. இதை எதிர்ப்பக்கம் இழுக்க ஆளில்லை, தொய்வு. நிஜ செல்லிலும் இழை இப்படித் தப்பாப் பிடிக்கும். விறைப்பு இல்லாத பிடியை செல் அவிழ்த்துவிட்டு மறுபடி தேட வைக்கும். கடைசி ரெட்டை சரியாகிற வரைக்கும் மத்ததெல்லாம் காத்துக் கிடக்கும்."

சொல்லிக்கொண்டே ஒரு கயிற்றை அவிழ்த்துக் கிழக்கே கட்டினாள். இழுத்தோம், விறைத்தது. இடுப்புக் கட்டுகளை நறுக்கினாள். ரெட்டைகள் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போயின.

"எல்லாரும் சரியா நடக்கிறதைத்தான் காட்டுதாங்க. தப்பு எப்படித் திருந்துதுன்னு நீங்கதான் காட்டினீங்க" என்று நடுவர் கைகொடுத்தார்.

அவர் நகர்ந்ததும் மகள் பல்லைக் கடித்தாள். "யப்பா, மறந்துதானே கட்டினிய?"

"செல்லே அப்படித்தான் கட்டுதுன்னு நீதானட்டி இப்பம் சொன்ன?"

பரிசும் வந்தது, வேலையும் நிரந்தரமானது. மாதிரி இப்போது பள்ளிக்கூட முன்வாசலில் நிற்கிறது. கீழே பலகையில் என் மகள் பெயர். அதற்கும் மேலே, 'ஆக்கம்: பள்ளி நிர்வாகம்'. நிர்வாகம் ஒரு முடிச்சுப் போட்டதை யாராவது பார்த்தீர்களா? ஜெயிக்க வைத்தது ஓரத்து ரெட்டை. அதைக் கட்டினவன் நான். 'தப்பாகக் கட்டியவர்' என்று போட்டாலும் சம்மதம், ஆனால் அந்தப் பலகையில் என் பேர் வந்தாகணும்.