“நிஜமாவே ஆள் இருக்காங்களா?”

முன்பின் தெரியாதவர்களிடம் எனக்கு மறுத்துப் பேச வராது. ஸ்ரீரங்கத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது ஒருவர், “அண்ணே, போன்ல சார்ஜ் இல்ல, ஒரே ஒரு கால் பண்ணிக்கட்டுங்களா?” என்றதும் கொடுத்துவிட்டேன். அவர் தள்ளிப்போய்ப் பேசிவிட்டு, சிரித்தபடி திருப்பித் தந்தார்.

மறுநாள் ஆம்புலன்ஸ் அலுவலகத்திலிருந்து ஒருவர் அழைத்தார். “நேத்து அம்மா மண்டபம் காவிரிப் படித்துறையில ஆள் முழுகிட்டாங்கன்னு சொன்னீங்க. வண்டி போனா அங்க யாருமே இல்ல. உங்களுக்கு இது விளையாட்டா சார்?” பேசியது நானில்லை, போனை வாங்கியவர் என்று மறுத்துச் சொல்லாமல், “மன்னிச்சுக்குங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன். குற்றத்தை நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிட்டது.

சில வாரங்கள் கழித்து, பொன்மலையில் எங்கள் வீட்டுச் சமையலறையில் மனைவி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். ஆம்புலன்ஸை அழைத்தேன். எடுத்த பெண் தயங்கினார். “இந்த நம்பர்லேருந்து முன்னாடி பொய்யா கூப்பிட்டிருக்கீங்களே சார். நிஜமாவே ஆள் இருக்காங்களா?”

போனை மனைவியின் வாயருகே பிடித்தேன். அவள் மூச்சு கரகரவென்று இழுத்தது. அந்தப் பெண் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “வண்டி கிளம்பிடுச்சு சார், வாசல் கதவைத் திறந்து வைங்க” என்றார்.

மனைவி பிழைத்துவிட்டாள். அன்று என் போனை வாங்கியவருக்கு ஒரு பைசா செலவில்லை. ஆனால் காவிரிக்கரைக்கு வீணாகப் போன அந்த வண்டிக்காக, அதே நேரத்தில் எந்த வீட்டில் யார் காத்திருந்தார்களோ? மனைவி தூங்கும்போது அவள் மூச்சைக் கவனிப்பேன். கூடவே, முகம் தெரியாத இன்னொருவர் மூச்சுக்குத் திணறுவதும் எனக்குக் கேட்கிறது.