முகம் காட்டாத பாடகன்

எங்கள் பள்ளியில் அவளுக்குச் சந்தேக டீச்சர் என்று பெயர். வைத்தது பிள்ளைகள், பரப்பியது நான். பால் பாக்கெட்டில் 'புத்தம் புதியது' என்று போட்டிருந்தால், எப்போதிலிருந்து புதியது என்று கடைக்காரரைக் குடைகிறவள். கட்டிய கணவனின் சமாதானங்களையும் அப்படித்தான் குடைந்தாள். இப்போது வீட்டில் அவளும் எங்கள் பள்ளியிலேயே ஒன்பதாவது படிக்கும் மகளும் மட்டும்தான்.

அவள் பத்தாம் வகுப்புக்கு விளம்பரப் பாடம் எடுத்தாள். நான் நூலகம் பார்ப்பவள். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு மரத்தடுப்புதான் என்பதால் பாடம் முழுக்க எனக்கு மனப்பாடம். ஒரு பாடகனுக்காகப் பிள்ளைகள் ஏன் அழுது மயங்கி விழுகிறார்கள், அந்த மயக்கத்தை யார் தயாரித்து விற்கிறார்கள் என்று விளக்குவாள். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள்.

இந்த வருடம் செய்தே காட்டிவிடுவது என்று கிளம்பினாள். வகுப்பை மூன்று குழுவாகப் பிரித்துத் தனித்தனியாகக் கூப்பிட்டாள். புதுப் பாடகன் ஒருவன் வரப்போகிறான் என்றாள். ஒரு குழு அவனுக்குச் சுவரொட்டி வரைய வேண்டும், ஒரு குழு அவன் குரலில் ஒரு மெட்டை ஒலிப்பதிவு செய்ய வேண்டும், ஒரு குழு அவன் பெயரில் ரசிகர்களுக்குக் கடிதம் எழுத வேண்டும். ஒரு குழு செய்வது மற்றதற்குத் தெரியக்கூடாது, கம்பெனிகளில் அப்படித்தான் என்று சத்தியம் வாங்கினாள். அங்கேதான் சறுக்கினாள். தான் செய்தது மட்டும் பொய், மற்றதெல்லாம் நிஜம் என்று ஒவ்வொரு குழுவும் நம்பியது.

சுவரொட்டியில் ஜன்னலைப் பார்த்து நிற்கும் ஒருவனின் பின்னந்தலை மட்டும் இருந்தது. மெட்டு பதினொரு விநாடி, வார்த்தையே கிடையாது. கடிதத்தில் ஒரே வரி: 'நான் கூப்பிடும்வரை பொறுத்திரு.'

மூன்று வாரத்தில் பள்ளி தலைகீழானது. இடைவேளையில் யாரும் விளையாடப் போகவில்லை. சுவரொட்டி முன்னால் கூட்டமாக நின்று, அவன் திரும்புவான் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேற்றைக்கு இன்று தலை கொஞ்சம் திரும்பியிருக்கிறது என்றாள் ஒருத்தி. என்ன பைத்தியக்காரத்தனம் என்று நானும் போய்ப் பார்த்தேன். நினைத்ததைவிட அதிக நேரம் நின்றுவிட்டேன். டீச்சரின் மகள் பையிலும் ஒரு கடிதம் வந்தது. அவள் அதைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்குவதைச் சொல்லி டீச்சர் சிரித்தாள். உண்மை தெரியும்போது இவளுக்குத்தான் பாடம் நன்றாகப் பதியும் என்றாள்.

உண்மையைப் போட்டு உடைக்கும் நாள் வந்தது. பெரிய அறையில் பள்ளி முழுவதையும் உட்காரவைத்து மூன்று குழுவையும் மேடையேற்றினாள். சுவரொட்டிக் குழுவின் தலைவி கூசாமல் ஒப்புக்கொண்டாள்.

"படம் நாங்க வரைஞ்சதுதான் டீச்சர். ஆனா பாட்டு அவர் பாடினதுதானே?"

பாட்டுக் குழு தாங்கள்தான் பாடினோம் என்றது, ஆனால் கடிதம் அவர் எழுதியது என்றது. கடிதக் குழு சுவரொட்டியைக் காட்டியது. சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்தார்கள்.

"ஆளே இல்ல. நான்தான் கிளப்பி விட்டேன். புரியுதா?" என்று டீச்சர் கத்தினாள்.

யாருக்கும் கோபம் வரவில்லை. நோயாளியைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார்கள். பிறகு அறை முழுக்க அந்த மெட்டை முனகத் தொடங்கியது. பதினொரு விநாடி, நிறுத்தம், மறுபடியும் பதினொரு விநாடி. யாரும் கைகாட்டவில்லை, ஆனாலும் ஒருவர்கூடப் பிசகவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. முன்வரிசையில் மகளும் வாய் மூடி முனகிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் மகள் அறைக்குள் போய்த் தாழ்போட்டாள். குளியலறைக்கு மட்டும் வெளியே வந்தாள். தண்ணீர் தவிர எதையும் தொடவில்லை, அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் டீச்சர் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாள். சாயங்காலத்துக்குள் சாப்பிடாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லிவிட்டார் டாக்டர். அவள் கதவுக்கு வெளியே கெஞ்சினாள், மிரட்டினாள், மன்னிப்புக் கேட்டாள். உள்ளிருந்து முனகல் மட்டும் வந்தது.

கடைசியில் சாப்பாட்டு மேஜைக்குப் போய் ஒரு தாளை எடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'கதவைத் திற. சாப்பிடு. உன் அம்மா பாவம்' என்று தன் கையெழுத்தை மாற்றி எழுதிக் கதவின் அடியில் தள்ளினாள்.

முனகல் நின்றது. தாழ் திறந்தது. வாடிப்போன முகத்தோடு மகள் வந்து உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டாள். எனக்கு அழுகை வந்தது.

"அவரை நீ பார்த்தியாம்மா?" என்றாள்.

டீச்சர் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"பார்த்தேன்" என்றாள்.

"எப்படி இருந்தார்?"

கண் என்ன நிறம், சிரித்தால் கன்னம் எப்படிச் சுருங்கும், எந்தப் புருவத்தின் மேல் தழும்பு என்று டீச்சர் சொல்லிக்கொண்டே போனாள். ஓரிடத்திலும் யோசிக்கவில்லை. மகள் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே அடுத்த ரொட்டியை எடுத்தாள்.