டிரம்முக்கு மூடி

மூத்த ஆய்வாளர் என்று பெயர்தான். வெயிலில் அலைவது என்னவோ நான்தான். கொசு ஒழிப்புப் பிரச்சாரம் மக்களிடம் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க, செஞ்சிக்குப் பக்கத்திலுள்ள சிங்கவரத்துக்குப் போயிருந்தேன். 'தண்ணீரை மூடி வையுங்கள்' என்று தெருத்தெருவாக நாங்கள் கட்டிய பேனரில் ஒன்றைக்கூடக் காணோம்.

எரிச்சலோடு ஒரு வீட்டில் விசாரித்தேன். அந்த அம்மா கொல்லைக்குக் கூட்டிப்போனார். தண்ணீர் டிரம்மின் வாயில் எங்கள் பேனரை இறுக்கிக் கட்டியிருந்தார்.

"இத ஏம்மா அவுத்தீங்க?"

"மூடி வைக்கச் சொன்னீங்க. மூடி இல்ல. இன்னா பண்றது மேடம்?"

'அடுத்த முறை பேனர் வேண்டாம், மூடி கொடுங்கள்' என்று அறிக்கையில் எழுதினேன். பேனர் யார் கண்ணிலும் படவில்லை போலிருக்கிறது என்று மேலிடம் அதன் அளவைப் பெரிதாக்கிவிட்டது.

போகட்டும். பெரிய தொட்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும்.