மூணு மேட்ச் ஆகட்டும்

மாமாவின் குடை ஒரு நாளும் ஸ்டேடியத்துக்குள் போனதில்லை. வாசலில் சோதனை போடுகிறவர்கள் விடமாட்டார்கள். குடை, தண்ணீர் பாட்டில், சட்டைப்பையில் கிடக்கும் சில்லறைக் காசு வரை எதுவும் உள்ளே வரக்கூடாது. கோபத்தில் யாராவது மைதானத்துக்குள் வீசிவிடுவார்கள் என்று பயம். அதனால் எதிர்ச்சாரியில் இருக்கும் டீக்கடையில், பால் கூடைக்கு மேலே அடித்திருந்த ஆணியில் குடையை மாட்டிவிட்டு, ஆளுக்கொரு டீ குடித்துவிட்டுத்தான் உள்ளே போவோம். வளைந்த மரப்பிடி போட்ட கறுப்புக் குடை. அடையாளத்துக்காகப் பிடியில் எங்கள் அணியின் அரக்கு நிறத்தில் ஒரு ரிப்பன் கட்டியிருந்தார். கால்பந்து சீசன் தொடங்குவது செப்டம்பரில். பெங்களூரில் சாயங்கால மழை ஓயாத மாதம். எங்களுக்கு டிக்கெட்டோ கூரை இல்லாத பக்கத்தில். இரண்டு மணி நேரம் தொப்பலாக நனைந்துவிட்டு வெளியே வந்தால், குடை மட்டும் பொட்டு ஈரமில்லாமல் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். அதை எடுத்து விரித்து என் தலைக்கு மேலே பிடிப்பார். "நனஞ்சாச்சே, இனிமே எதுக்கு மாமா குடை?" என்பேன். "இதுக்கு மேல நனையக்கூடாதில்லம்மா" என்பார்.

மாமா என்றால் என் கணவரின் அப்பா. பிஸ்கட் தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். லிங்கராஜபுரத்தில் சர்ச்சுக்குப் பின்பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. ஊருக்கென்று சம்பளம் வாங்கி ஆடுகிற ஒரு பெரிய அணி வந்தபோது, தனக்கொன்றும் மகனுக்கொன்றுமாக இரண்டு சீசன் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார். என் கணவருக்கு அப்போது இரவு வேலை. முதல் ஆட்டத்தில் உட்கார்ந்தபடியே தூங்கினார். இரண்டாவது ஆட்டத்தில் பக்கத்து ஆளின் தோளில் சாய்ந்து தூங்கினார். மாமாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்ததால் வண்டி விளக்கு கூசும், தனியாக ரோட்டைத் தாண்ட முடியாது. டிக்கெட் என் கைக்கு வந்துவிட்டது. துணைக்குப் போனவள்தான் நான். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கத் தொண்டை வறளக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் அந்த ஈர பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்காரும்போது, இதெல்லாம் என் தலையெழுத்து என்றுதான் நினைத்துக்கொள்வேன். எப்போது எங்கள் இடது ஓரத்துக்காரன் பந்தைப் பறிகொடுத்ததற்கு எழுந்து நின்று திட்ட ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியாது.

சீசனின் முதல் ஆட்டம் இருக்கிறதே, அதைப் போல மனிதரை அலைக்கழிக்கிற சமாச்சாரம் வேறில்லை. புதுச் சட்டை, புதுக் கோச், எங்கிருந்தோ கூட்டி வந்த இரண்டு வெளிநாட்டு ஆட்கள். மேற்குப் பக்கம் டிரம் அடிக்கும் பையன்கள் கன்னடத்தில் பாட்டுக் கட்டி வைத்திருப்பார்கள். பத்து நிமிஷம் பந்து நன்றாக ஓடினால் போதும், கப் நமக்குத்தான் என்று சொல்லிவிடுவார்கள். அறுபதாவது நிமிஷத்தில் ஒரு கோல் விழுந்ததும் அதே வாய்கள் கோச்சை ஊருக்கு அனுப்பச் சொல்லும். முன்வரிசையில் உட்காரும் பேங்க் கிளார்க் ஒருவர் ஒவ்வொரு வருஷமும் முதல் ஆட்டம் முடிந்ததும் "நம்ம கதை முடிஞ்சிது சார்" என்று மாமாவிடம் கை கொடுத்துவிட்டுப் போவார். மாமா மட்டும் வாயே திறக்கமாட்டார். அவருக்கு ஒரு கணக்கு உண்டு. "மூணு மேட்ச் ஆகட்டும். பசங்க இன்னும் ஒருத்தனோட ஒருத்தன் பழகல. அதுக்குள்ள என்னத்த சொல்றது?" மூன்று ஆட்டம் முடியும்வரை நல்லதும் சொல்லமாட்டார், கெட்டதும் சொல்லமாட்டார்.

இந்தக் கணக்கு எனக்கு அதற்கு முன்பே பழக்கம். ஊரில் ஆலை அணிகளும் பேங்க் அணிகளும் மட்டும் ஆடிக்கொண்டிருந்த காலத்திலிருந்தே அவர் பேச்சு அதுதான். கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம், நான் வைத்த ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு அத்தை டம்ளரை நகர்த்தி வைத்தார். "படிச்ச பொண்ணுன்னு கொண்டாந்தோம். வெந்நீர்ல புளியப் போட்டு வச்சிருக்கா" என்றார். எனக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. மாமா தன் டம்ளரைக் காலி செய்துவிட்டு, "மூணு மேட்ச் ஆகட்டும் விடு" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்காகப் பேசிய ஒரே ஆள் அவர்தான் என்பது மட்டும் புரிந்தது. புதிதாக வந்த பாஸ்டர், புது வாஷிங் மெஷின், எதிர்வீட்டுக்கு வந்த குடித்தனக்காரர் என்று எல்லாருக்கும் அவரிடம் மூன்று ஆட்டம் அவகாசம் கிடைக்கும். அத்தை உயிரோடு இருந்தவரை அந்த வீட்டில் எனக்கு மூச்சுவிட இடம் இருந்ததென்றால் அது அந்தக் கணக்கினால்தான். அதனால்தான் அதன் மேல் இன்றைக்கும் என்னால் முழுசாகக் கோபப்பட முடியவில்லை.

அவரோடு நான் பார்த்த கடைசி சீசனின் முதல் ஆட்டத்தன்று, ஆட்டோவிலிருந்து இறங்கும்போது பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இறங்கினார். பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருந்தார், அதுவும் போதாமல் இடுப்பில் சுருக்கம் விழுந்திருந்தது. "என்ன மாமா இப்படி இளைச்சிட்டீங்க?" என்றேன். "வயசாச்சில்ல" என்றார். அன்று ஆட்டம் கோலே இல்லாமல் முடிந்தது. அதைவிட அலுப்பான ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. அடுத்த வாரம் சொந்த மைதானத்திலேயே இரண்டு கோல் வாங்கித் தோற்றோம். இடைவேளையில் நான் வாங்கி வந்த சமோசாவை அவர் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். வயிறு சரியில்லை என்றார். திங்கட்கிழமை டாக்டரிடம் போகலாம் என்றேன். "மூணு மேட்ச் ஆகட்டும்மா, போலாம்" என்றார்.

மூன்றாவது ஆட்டம் வரவே மாட்டேன் என்றது. இரண்டு மூன்று வீரர்கள் இந்திய அணிக்கு ஆடப் போனதால் முதலில் இடைவெளி விட்டார்கள். பிறகு மழையில் மைதானம் குளமாகி, ஆட்டம் இன்னொரு வாரம் தள்ளிப்போனது. ஒவ்வொரு முறையும் நான் டாக்டர் பேச்சை எடுப்பேன், அவர் அதே பதிலைச் சொல்வார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். நான் கத்திப் பார்த்தேன், என் கணவரை விட்டுச் சொல்லச் சொன்னேன், பாஸ்டரைக்கூடப் பேச வைத்தேன். பிடிவாதம் பிடிக்கும்போதும் குரல் உயர்த்தாத ஆளோடு எப்படிச் சண்டை போடுவது? கடைசியில் அந்த ஆட்டம் நடந்த அன்று அதிசயமாக மழை இல்லை. மூன்று கோல் போட்டு ஜெயித்தோம். பேங்க் கிளார்க் திரும்பி மாமாவைக் கட்டிப்பிடித்தார். மாமா உட்கார்ந்தபடியே கை தட்டினார். எழுந்து நிற்க முடியவில்லை என்பது எனக்கு மட்டும் தெரிந்தது. "தேறிடுவாங்கம்மா" என்றார். அந்த வருஷத்துக்கு அவர் சொன்ன தீர்ப்பு அவ்வளவுதான். நேராக ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தோம். மழை இல்லாததால் குடையை இருவருமே மறந்துவிட்டோம்.

பெருங்குடலில் புற்றுநோய். ஈரல்வரை போய்விட்டது என்றார் டாக்டர். மலத்தில் ரத்தம் போவது எப்போதிலிருந்து என்று அவர் கேட்டதற்கு மாமா என் முகத்தைப் பார்க்காமல், "போன சீசன்லேர்ந்து இருக்கு சார்" என்றார். அந்த அறையிலேயே எனக்கு அவரை உலுக்க வேண்டும் போல இருந்தது. மூன்று ஆட்டம் என்று என்னை ஏய்த்துவிட்டு, ஒரு சீசன் பூராவையும் தனக்குத்தானே தள்ளிப்போட்டிருக்கிறார். வெறும் பயம். ஊரில் எல்லோருக்கும் அவகாசம் கொடுத்தவர், தன் பயத்துக்கும் அதையே கொடுத்துவிட்டார். அந்த சீசன் முடிவதற்குள் அவர் போய்விட்டார். எங்கள் அணி அந்த வருஷம் எத்தனாவது இடம் என்று நான் பார்க்கவில்லை.

நோயைச் சொன்ன அன்றே டாக்டர் என் கணவரிடம் இன்னொன்றும் சொல்லியிருந்தார். அப்பாவுக்கு வந்திருப்பதால் மகனும் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று. என் கணவர் தலையை ஆட்டினார். அதன் பிறகு ஆபீசில் வேலை, பிறகு கிறிஸ்துமஸ், பிறகு என் பள்ளிக்கூடத்தில் பரீட்சை, பிறகு மறுபடியும் ஆபீசில் வேலை. இரண்டு வருஷம் ஓடிப்போயிற்று. நினைவுபடுத்திப் படுத்தி எனக்கு அலுத்துவிட்டது. நல்லது நடக்கும் என்று நினைத்துக்கொண்டே இருப்பதும் ஒரு வேலைதான், அதிலும் முதுகு வலிக்கிறது. இந்த ஆகஸ்டில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மறுபடி கேட்டேன். அவர் மோர் சாதத்தைப் பிசைந்தபடி, விளையாட்டாக, "மூணு மேட்ச் ஆகட்டும்" என்றார். வாழ்க்கையில் ஒரு ஆட்டத்தையும் முழுதாக விழித்திருந்து பார்க்காத மனுஷன். உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. கரண்டியைக் கீழே வைத்தேன்.

"சரி. மூணு மேட்ச்தானே? டிக்கெட் வாங்கறேன். நீங்களும் வரீங்க."

முதல் ஆட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். இப்போது பகல் வேலைக்கு மாறிவிட்டதால் தூங்கவில்லை, போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கோலில் தோற்றோம். முன்வரிசை பேங்க் கிளார்க்குக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. திரும்பி என்னைப் பார்த்தார், கை கொடுக்கவில்லை, தலையை மட்டும் அசைத்தார். வெளியே வந்து டீக்கடைப் பக்கம் போனேன். கடைக்காரர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "யஜமான்ரு வரலியாம்மா?" என்றார். வரமாட்டார் என்றேன். அவர் உள்ளே போய், சிலிண்டருக்குப் பின்னாலிருந்து குடையை எடுத்து வந்து வேஷ்டி முனையால் துடைத்தார். "எத்தினி பேரு கேட்டாங்க, குடுக்கல. அவரு வருவாருன்னு வச்சிருந்தேன்." ரிப்பன் வெளுத்து இளஞ்சிவப்பாகியிருந்தது. என் கணவர் அதை என் கையிலிருந்து வாங்கினார். அவருடைய அப்பாவை நினைத்து இரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் சத்தமாக அழுததில்லை. அன்று அந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, டீ ஆறிப்போகும்வரை அவர் அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அதற்காக மனம் மாறிவிட்டார் என்று நினைத்தால் அது தப்பு. இரண்டாவது ஆட்டத்தில் ஆளுக்கொரு கோல் போட்டு சமன். கடைசி நிமிஷத்தில் எங்கள் கோல்கீப்பர் கைக்கு வந்த பந்தை நழுவவிட்டபோது என் கணவர் எழுந்து நின்று, "கையில வெண்ணெய் தடவிட்டு வந்தியாடா?" என்று கத்தினார். வழியெல்லாம் கோச்சைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்.

"சனிக்கிழமை காலைல உங்களுக்கு டெஸ்டு. பேர் குடுத்துட்டேன்."

"அன்னிக்குத்தானே மூணாவது மேட்ச்? ஆகட்டும்னு சொன்னேனே."

"அவரும் அதத்தான் சொல்லிட்டிருந்தாரு. மேட்ச் நாம இல்லாமயும் ஆடுவாங்க."

 அவர் பயந்திருக்கிறார் என்று அப்போதுதான் முகத்தில் தெரிந்தது. அப்பாவின் முகம் அப்படியே. "எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றேன். அது உண்மை.

முந்தைய நாள் பூராவும் அந்த மருந்துத் தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சோர்ந்துபோய், சனிக்கிழமை காலை என் தோளைப் பிடித்தபடி ஆட்டோவிலிருந்து இறங்கினார். தூறல் விழுந்தது. குடையை விரித்தேன். இரண்டு பேருக்கும் போதுமான குடைதான் அது, இத்தனை வருஷம் எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி என் பையை வாங்கித் திறந்து பார்த்தார். பழக்கத்தில் நான் குடையை மடக்கி அவரிடம் நீட்டினேன். மாட்டுவதற்கு ஆணி எங்கே என்று கண் தேடியது. அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"குடை பரவாயில்லம்மா. உள்ள எடுத்துட்டுப் போங்க."

பச்சைத் துணி மாட்டி என் கணவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கதவருகில் திரும்பி, "மேட்ச் எத்தன மணிக்கு?" என்று கேட்டார். ஏழரைக்கு என்றேன். கதவு மூடியது. நான் நாற்காலியில் உட்கார்ந்து குடையை மடியில் வைத்துக்கொண்டேன். அது நனைந்திருந்தது. புடவையெல்லாம் ஈரமாயிற்று, ஆனாலும் கீழே வைக்கத் தோன்றவில்லை.