அண்ணாவின் பனி வண்டியை மலைக்குக் கொண்டுபோனது

அண்ணா கனடாவை விட்டு ஆக்லாந்துக்குக் குடிவந்தபோது அவருடைய வீட்டுச் சாமான்கள் கப்பலில் வந்து சேர்ந்தன. பிளாக்ஹவுஸ் பேயில் எங்கள் வீட்டு வாசலில் வைத்துத்தான் அவற்றை இறக்கினோம். சோபா, கட்டில்கள், அண்ணியின் தையல் மெஷின் எல்லாம் இறங்கிய பிறகு, போர்வை சுற்றிய ஒரு பெரிய உருவம் லாரிக்குள்ளே மிச்சம் இருந்தது. போர்வையை உருவினால் ஸ்னோமொபைல். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் சக்கரத்துக்குப் பதிலாக அகன்ற ரப்பர்ப் பட்டை. பனியின் மேல் மட்டும் ஓடக்கூடிய வண்டி.

ஆக்லாந்தில் பனி விழாது. இங்கே குளிர்காலம் என்றால் மழை. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, இது தண்ணீரில் மிதக்குமா என்று கேட்டார். அண்ணா வண்டியை எங்கள் கராஜுக்குள் தள்ளிக்கொண்டு போனார். அண்ணா குடும்பம் பக்குரங்காவில் எடுத்த வாடகை வீட்டில் கராஜ் இல்லை. "கொஞ்ச நாளைக்கு" என்றார். அந்தக் கொஞ்ச நாள் ஒரு வருடத்துக்கு மேல் நீண்டது. எங்கள் கார் மழையில் நின்றது. என் கணவர் காலையில் காருக்குப் போகக் குடையை விரிக்கும்போதெல்லாம் ஒருமுறை கராஜைத் திரும்பிப் பார்ப்பார்.

எனக்குக் கராஜைவிட வேறு கவலை இருந்தது. அண்ணாவுக்கு இங்கே முதல் ஆறேழு மாதம் வேலை சரிப்படவில்லை. பிறகு எல்லர்ஸ்லியில் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். ஆனாலும் யாராவது கனடாவைப் பற்றிக் கதைத்தால் அவர் முகம் மாறும். திரும்பிப் போய்விடுவாரோ என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். பதினைந்து வருடத்துக்குப் பிறகு ஒரே ஊரில் கிடைத்த அண்ணன். கேட்டால் போகிறேன் என்று சொல்லிவிடுவாரோ என்று கேட்காமலே இருந்தேன்.

எங்களுக்குத் தெற்கே, தொலைவில் உள்ள ருவபேஹு எரிமலை சாம்பல் கக்கியதற்கு முந்திய வருடக் குளிர்காலம் அது. அந்த மலையடியில் தங்குவிடுதி நடத்துகிற ஒருவர், பனிக்குள்ளால் சாமான் ஏற்றிப் போவதற்கு ஸ்னோமொபைல் தேடுகிறார் என்று அண்ணாவின் வேலையிடத்தில் யாரோ சொன்னார்கள். தொலைபேசியில் கதைத்து விலை பேசியாயிற்று. பள்ளி விடுமுறைக் கூட்டம் வருவதற்கு முன் கொண்டுவந்து தர வேண்டும், அவ்வளவுதான்.

டிரெய்லரில் ஏற்றிக் காரால் இழுத்துப் போக வேண்டும். யார் ஓட்டுவது? அண்ணா எங்கள் சொந்த ஊரில் ஓட்டியது சைக்கிள் மட்டும். கார் பழகியது கனடாவில், வலது பக்கத்தில். இங்கே இடப்பக்கம் ஓட்ட வேண்டும், அவரோ தன்னை அறியாமல் நடுக்கோட்டைத் தாண்டிவிடுவார். என் கணவருக்குச் சனிக்கிழமை வேலை. நான் டிரெய்லர் கட்டி ஓட்டியது, தோட்டத்துக் குப்பையை ஏற்றிக்கொண்டு கொட்டுமிடம் வரைக்கும்தான்.

"நீ ஓட்டு. நான் பக்கத்தில இருந்து சொல்லுறன்" என்றார் அண்ணா.

"சொல்லுறது லேசு" என்றேன்.

பெட்ரோல் நிலையத்தில் டிரெய்லர் வாடகைக்கு எடுத்தோம். ஏற்றும்போது அண்ணா வேறு ஆளாக மாறிவிட்டார். வண்டியின் டாங்கில் இருந்த பெட்ரோலை ஏற்கெனவே வடித்திருந்தார். பலகை சாய்த்து எல்லோருமாகத் தள்ளி ஏற்றியதும், இன்னும் கொஞ்சம் முன்னுக்கு, இன்னும் கொஞ்சம் என்றார். பாரம் டிரெய்லரின் சக்கர அச்சுக்கு முன்னால் நிற்க வேண்டுமாம். பின்னுக்குப் போனால் டிரெய்லர் காரின் வாலைப் பிடித்து ஆட்டுமாம். சறுக்குக் கட்டைகளை ஒரு பெல்ட்டால் கட்டினார், பின்பக்கத்தை இன்னொன்றால். காற்றுப் பிடித்து ஊதிவிடும் என்று போர்வையைக் கழற்றி எறிந்தார். கொக்கிக்குக் கீழே பாதுகாப்புச் சங்கிலியை மாட்டினார். என்னைக் காருக்குள் இருத்திப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பின்விளக்கு எரிகிறதா என்று பார்த்தார். கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "பிடிச்சு ஆட்டிப் பார்" என்றார். பலத்தை எல்லாம் சேர்த்து ஆட்டினேன். வண்டி தனியாக அசையவில்லை. டிரெய்லரும் காரும் சேர்ந்துதான் அசைந்தன. அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார்.

மழை தூறிக்கொண்டே இருந்தது. நெடுஞ்சாலையில் லாரிகள் கூட என்னை முந்திக்கொண்டு போயின. "போகட்டும், உனக்கென்ன அவசரம்" என்றார் அண்ணா. ஆக்லாந்துக்குத் தெற்கே பொம்பே என்ற மேட்டை ஏறி மறுபக்கம் இறங்கும்போதுதான் அது நடந்தது. முதலில் யாரோ பின்னாலிருந்து காரை மெல்ல இழுத்துவிட்டதுபோல இருந்தது. பிறகு மறுபக்கம் இழுத்தது. கண்ணாடியில் பார்த்தால் டிரெய்லர் ஒருமுறை இடப்பக்கம் தெரிகிறது, மறுமுறை வலப்பக்கம் தெரிகிறது. ஸ்டியரிங் என் கைக்குள் நெளிந்தது. கால் தானாகப் பிரேக்குக்குப் போனது.

"பிரேக்கைத் தொடாதை!" என்றார் அண்ணா. கத்தவில்லை. "அக்சிலேற்றரிலயிருந்து காலை எடு. நேராப் பிடி. திருப்பாதை. அப்படியே விடு பிள்ளை, தானா நிக்கும்."

காலை எடுத்தேன். சரிவில் காரின் வேகம் குறைவேனா என்றது. இன்னும் இரண்டு ஆட்டம் பலமாக ஆடியது. மூன்றாவது கொஞ்சம் சிறிதாக இருந்தது. அதற்குப் பிறகு டிரெய்லர் அமைதியாகி நேரே பின்னால் வந்தது. ஓரமாக நிறுத்திய பிறகுதான் நான் மூச்சு விட்டேன்.

இறங்கிப் பார்த்தோம். பின்பக்கத்துப் பெல்ட் மழையில் நனைந்து தளர்ந்துவிட்டிருந்தது. வண்டி ஒரு சாண் பின்னுக்கு நகர்ந்திருந்தது, அவ்வளவுதான். "கொஞ்சத் தூரம் வந்ததும் நிப்பாட்டி இறுக்கியிருக்க வேணும். மழைக்குள்ள இறங்கப் பஞ்சிப்பட்டுச் சும்மா இருந்திட்டன்" என்று அண்ணா தன்னையே திட்டிக்கொண்டார். இருவரும் தோள் கொடுத்து அதை மறுபடி முன்னுக்குத் தள்ளி, குறுக்காக இன்னும் இரண்டு பெல்ட் போட்டு இறுக்கினோம். நனைந்துபோய்க் காருக்குள் ஏறிப் பிளாஸ்கிலிருந்த தேநீரை ஊற்றிக் குடித்தோம். பயம் தெளிந்த பிறகு எனக்குக் கோபம் வந்தது.

"பனியே இல்லாத ஊருக்கு இதை ஏன் அண்ணா சுமந்துகொண்டு வந்தனீங்கள்? அவ்வளவு விருப்பமோ?"

"விருப்பமோ? நாலைஞ்சு தரம்தான் ஓடியிருப்பன். வேலையில எல்லாரும் வச்சிருந்தாங்கள், நானும் வாங்கினன். எனக்கெண்டா குளிர் தாங்கேலாது."

"பிறகென்ன?"

அவர் கோப்பையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "அங்கயே வித்திருக்கலாம். இஞ்ச சரிவராட்டித் திரும்பிப் போவம் எண்டு ஒரு நினைப்பு. அதுதான் விக்க மனம் வரேல்லை."

நான் ஒரு வருடமாகக் கேட்காத கேள்வி அப்போதுதான் வாயில் வந்தது. "இப்ப? போவீங்களோ?"

"எங்க போறது? பிள்ளையள் இஞ்ச சப்பாத்தும் போடாம வெறுங்காலோட பள்ளிக்கூடம் போகுதுகள். உன்ர அண்ணி தோட்டத்தில கரட் நட்டிருக்கிறா. வீடு வாங்க பாங்கில மோட்கேஜ் கடன் கேட்டிருக்கிறம். இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, நீயும் சொல்லிப்போடாதை."

எனக்கு அழுகை வந்தது. மழையைப் பார்ப்பதுபோல மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன். "சரி, காரை எடு" என்றார் அவர்.

அதன்பிறகு ஊருக்கு ஊர் நிறுத்திப் பெல்ட்டுகளைத் தொட்டுப் பார்த்தோம். ஒன்றும் தளரவில்லை. தௌமறுனுயி ஊரைத் தாண்டியதும் மழை தடித்தது. மலை ஏற ஏற அதுவே பனியாகிவிட்டது. நான் பனி விழுவதைப் பார்த்தது அதுதான் முதல்தடவை. ரசிக்க நேரமில்லை. அண்ணா இறங்கி, வழுக்காமல் இருக்க டயர்களுக்குச் சங்கிலி போட்டார். விரல்கள் சிவந்துபோயின. பிறகு இரண்டாம் கியரில், முன்னால் போகிறவருக்கும் எனக்கும் நடுவே நிறைய இடம் விட்டு, வளைவு வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து ஏறினேன். அண்ணா எனக்கு ஒன்றும் சொல்லித்தர வேண்டி இருக்கவில்லை.

விடுதிக்கு வந்து சேர்ந்தபோது இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது. முற்றத்துக்குள் டிரெய்லரைப் பின்னால் எடுக்க வேண்டும். நான் இடப்பக்கம் திருப்பினால் அது வலப்பக்கம் போனது. திரும்பத் திரும்ப முயன்றேன், ஒவ்வொரு முறையும் டிரெய்லர் காரோடு மடங்கி நின்றது. விடுதிக்காரரும் அவர் மனைவியும் சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். கடைசியில் கொக்கியைக் கழற்றி, நாலு பேருமாகக் கையாலேயே தள்ளிக்கொண்டு போனோம்.

வண்டியை இறக்கிப் பெட்ரோல் ஊற்றி, எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இரண்டாம் தரம் இழுத்ததும் அது உறுமத் தொடங்கியது. விடுதிக்காரர் கையைத் தட்டினார். பின்புறத்து வெளியில் ஒருமுறை ஓட்டிக் காட்டுங்கள் என்று அண்ணாவைக் கேட்டார். அண்ணா என்னைப் பார்த்தார். "ஏறு பிள்ளை."

"எனக்குப் பயம்!"

"இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்தனி, ஒருக்கா ஏறாமப் போறியோ?"

ஏறி அவர் ஜாக்கெட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன். வண்டி பனியைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தது. நான் போட்ட கூச்சலில் விடுதிக்காரரின் நாய் எங்களைத் துரத்திக்கொண்டு வந்தது. அண்ணா சிரிப்பது அவர் முதுகின் குலுக்கத்தில் எனக்குத் தெரிந்தது. அவர் அவ்வளவு நன்றாக ஓட்டுவார் என்று நான் நினைக்கவேயில்லை. ஒரு சுற்றுச் சுற்றி வந்து நிறுத்திச் சாவியை விடுதிக்காரர் கையில் கொடுத்தார். திரும்பிக்கூடப் பார்க்காமல், கைகளைத் தேய்த்துக்கொண்டு அடுப்பைத் தேடி உள்ளே போய்விட்டார்.

இரவு அங்கேயே தங்கச் சொன்னார்கள். ஆட்டிறைச்சி சூப்பும் பாண் ரொட்டியும் தந்தார்கள். வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ரெண்டு பேரும் சுகமோ?" என்றார் என் கணவர்.

"ஓம், சுகம். வண்டியைக் குடுத்தாச்சு."

"அப்ப நாளைக்குக் கராஜைக் கழுவட்டோ?"

"கழுவுங்கோ" என்றேன். பக்கத்தில் நின்ற அண்ணா ரிசீவரைக் கேட்டு வாங்கி, ஒருவருக்கும் சொல்லாதே என்று எனக்குச் சொன்ன மோட்கேஜ் கதையைத் தானே அவரிடம் சொல்லத் தொடங்கினார்.