எண்ணெயா, பாய்மமா

எங்கள் வீட்டில் ஒரு பொருளின் பெயர் குறித்து எழுந்த வழக்குகள் பல. அவற்றுள் மிகுந்த சூடு கண்டது, மகிழுந்தின் வயிற்றுக்குள் ஓடும் ஒரு சிவந்த நீர்மத்தைப் பற்றியது. அவ்வழக்கின் ஒரே சான்றாளர் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. வீட்டில் பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவளும் நான் ஒருத்தியே.

கியூபெக்கில், கோட்-டெ-நெய்ஜ் என்ற நகர்ப்பகுதியில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாம் தளத்தில் குடியிருந்தோம். அம்மாவின் ஒரே தம்பியாகிய மாமா எங்களோடு இருந்தார். தாயை இளமையிலேயே இழந்து, அம்மாவின் இடுப்பில் வளர்ந்தவர். உணவகமொன்றில் கோப்பை கழுவிவிட்டு வந்து எங்கள் கூடத்து நீளிருக்கையில் உறங்குவார். பிரெஞ்சு மொழி அவர் நாவில் ஏற மறுத்தது. ஆங்கிலம் வழங்கும் ரொறன்ரோவில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலையில் போய் நின்றால் அவருக்கு, தவறினால் வேறொருவருக்கு. கொழும்பில் ஒரு விடுதியறையில் அவருடைய மனைவியும், அவர் இன்னும் கண்ணாற் காணாத மகனும் காத்திருந்தார்கள். நிலையான வேலை இருந்தாலன்றி அவர்களை அழைக்க வழியில்லை. ஆகவே ஞாயிறு விடியலில் அப்பா அவரை ஏற்றிச் செல்வதென்றும், பின்னிருக்கையில் நானும் செல்லலாமென்றும் முடிவாகியிருந்தது. அம்மாவுக்கு இம்முடிவு பிடிக்கவில்லை. அதை அவர் வாயால் சொல்லவுமில்லை. மாமாவின் சட்டைகளை மாத்திரம் நாள்தோறும் எடுத்து, மடித்து, மீண்டும் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் மகிழுந்து பழையது, பெரியது, தானாகவே பல்லிணை மாற்றிக்கொள்வது. சில கிழமைகளாக அதற்கு ஒரு தயக்கம் வந்திருந்தது. பல்லிணை நெம்பை இழுத்து விட்டால் சற்றுநேரம் ஆழ்ந்து சிந்திக்கும். பிறகு பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோலத் துள்ளிப் பாயும்.

“கியர்ப்பெட்டிக்குள்ள எண்ணெய் கெட்டுப்போச்சு அத்தான். மாத்தினாச் சரி,” என்றார் மாமா.

யாழ்ப்பாணத்தில் அவர் ஓட்டியது கையால் பல்லிணை மாற்றும் பழைய ஆங்கிலேய வண்டி. தானியங்கிப் பெட்டி ஒன்றை அவர் அதுவரை திறந்ததே இல்லை. இச்செய்தியை எங்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று அவர் கருதவுமில்லை.

வெள்ளிக்கிழமை மாலையே வேண்டிய போத்தல்களை வாங்கி வரும்படி அம்மா வற்புறுத்தினார். மறுநாள் சனிக்கிழமை, சனிக்கிழமையில் எண்ணெய் வாங்கினால் சனி பிடிக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அப்பா ஊரில் தமிழாசிரியராய் இருந்தவர், கோள்களை மதியாதவர், ஆனால் அம்மாவை மதிப்பவர். வாங்கி வந்தார்.

சனி காலை, கட்டடத்தின் பின்புறத்து வாகனத் தரிப்பிடத்தில், இரவல் வாங்கிய இரண்டு சாய்மேடைகள்மேல் முன்சில்லுகளை ஏற்றி நிறுத்தினார்கள். மாமா மல்லாந்து கீழே புகுந்தார். பழைய எண்ணெயை வடிக்க அடியில் ஒரு திருகாணி இருக்குமென அவர் நம்பியிருந்தார். அவ்வண்டியில் அப்படி ஒன்றும் இல்லை. பெட்டியின் அடித்தட்டையே கழற்ற வேண்டியிருந்தது. ஒரு பக்கத்து ஆணிகளை மட்டும் தளர்த்திச் சரித்து வடிப்பதே முறை என்று பின்னாளில் அறிந்தேன். மாமா எல்லாவற்றையும் கழற்றினார். தட்டு ஒட்டிக்கொண்டு வர மறுக்கவே, அதன் விளிம்பில் திருப்புளியை நுழைத்து நெம்பினார்.

தட்டு நிறைந்த நீர்மம் ஒரே வீச்சில் அவர் மார்பில் கவிழ்ந்தது. கருஞ்சிவப்பாய், எரிந்த வாடையோடு அது மகிழுந்தின் அடியிலிருந்து வழிந்து ஓடியது.

மாடிமுகப்பில் நின்ற அம்மா அதனைக் கண்டார். மேலங்கியும் அணியாமல் வீட்டுச் செருப்போடு படிகளில் இறங்கி ஓடி வந்தார். முகத்தில் உயிரில்லை. மாமா சிரித்தபடி வெளியே ஊர்ந்து வந்தபோதுதான் அவர் மூச்சு விட்டார்.

“ஒண்டுமில்லை அக்கா. சனி முழுக்கு.”

அம்மா சிரிக்கவில்லை. “எண்ணெய் முழுகினவன் அடுத்த நாள் பயணம் போறேல்லை.”

“அது எந்தச் சாத்திரம்?” என்றார் அப்பா.

“என்ர சாத்திரம்.”

தட்டைத் துடைத்துப் பூட்டிய பின் புதியதை ஊற்றும் வேலை தொடங்கியது. அளவுகோல் செருகியிருக்கும் ஒடுங்கிய குழாய் வழியாகவே அதை ஊற்ற வேண்டும். அதற்கென நீண்ட மூக்குடைய புனல் உண்டு. எங்களிடம் இருந்ததோ அம்மா நல்லெண்ணெய் ஊற்றும் சமையலறைப் புனல். அது குழாயில் நில்லாமல் ஆடியது. உள்ளே சென்றதற்கு ஈடாக வெளியேயும் சென்றது. இயந்திரத்தை ஓடவிட்டு, நெம்பை ஒவ்வொரு நிலைக்கும் நகர்த்தி, அளவுகோலை இழுத்துப் பார்த்தார்கள். சிவப்பு, குறிக்கு மிகவும் கீழே நின்றது. போத்தல்கள் அனைத்தும் வெறுமையாகியிருந்தன.

“இன்னொரு போத்தல் வேணும்,” என்றார் மாமா.

“இண்டைக்குச் சனி,” என்றார் அம்மா.

இவ்விடத்தில்தான் வழக்குத் தொடங்கியது. அப்பா வெறும்போத்தலை உயர்த்திப் பிடித்து, இது எண்ணெயே அன்று என்று வாதிட்டார். ஆங்கிலத்தில் இதற்கு எண்ணெய் என்ற பெயர் இல்லை. ‘புளூயிட்’, அதாவது பாய்மம் என்றே எழுதியிருக்கிறது. எள்ளிலிருந்து வருவதே எண்ணெய். எள்ளும் நெய்யும் சேர்ந்த சொல். இதில் எள் எங்கே இருக்கிறது?

“அப்ப தேங்காயெண்ணெயில எள்ளிருக்கோ?” என்றார் அம்மா.

அப்பா சற்றுத் தடுமாறினார். “பாயுறதெல்லாம் பாய்மம். தண்ணியும் பாய்மந்தான்.”

“அப்ப தண்ணியையே விடுங்கோவன்.”

மாமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தன் பயணம் பற்றிய வழக்கு என்பதை அவர் ஒரு கணம் மறந்துவிட்டார் போலும். அம்மா போத்தலை என்னிடம் நீட்டினார். “பிள்ளை, நீ சொல்லு. மற்றப் பக்கத்தில பிரெஞ்சில என்ன கிடக்கு?”

மறுபக்கத்தில் ‘உய்ல்’ என்றிருந்தது. பிரெஞ்சில் அது எண்ணெய்தான். சமையலுக்கும் அதே சொல். எனக்கு ரொறன்ரோ போக வேண்டும்; ஆயினும் எழுத்தை மாற்றிப் படிக்கும் துணிவு வரவில்லை. இந்தப் பக்கம் பாய்மம், அந்தப் பக்கம் எண்ணெய் என்று உள்ளபடி சொன்னேன்.

“பாத்தீங்களோ? இது கியூபெக்,” என்றார் அம்மா. “இஞ்ச அவையின்ர பாசைதான் சட்டம்.”

அப்பா போத்தலை என்னிடமிருந்து வாங்கி இரு பக்கமும் திருப்பிப் பார்த்தார். கடையும் ஞாயிறன்று பூட்டு. அம்மா வென்றுவிட்டார், பயணம் நின்றுவிட்டது என்றே எல்லோரும் எண்ணினோம். மாமா சாய்மேடையின் ஓரத்தில் அமர்ந்து, கந்தைத் துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். பிறகு நிமிராமலே சொன்னார்.

“அவன் நடக்கத் தொடங்கிட்டானாம் அக்கா. கட்டிலைப் பிடிச்சுப் பிடிச்சு நடக்கிறானாம்.”

அம்மா படியேறி மேலே சென்றார். திரும்பி வந்தபோது மேலங்கி அணிந்து கைப்பையும் எடுத்திருந்தார்.

“வா பிள்ளை, கடைக்குப் போவம்.”

“நீர் ஏன் போறீர்? நான் கை கழுவிப்போட்டுப் போறன்,” என்றார் அப்பா.

“வேண்டாம்.”

“இல்லையப்பா, குளிரா இருக்கு...” என்று அப்பா இழுத்தார்.

“நான் போறன் எண்டு சொன்னனெல்லே.”

கடை, சரிவான தெருவின் அடியில் இருந்தது. கடைக்காரர் நான் காட்டிய வெறும்போத்தலைப் பார்த்ததும் ‘உய்ல்’ என்று சொல்லி, ஒரு புதிய போத்தலை எடுத்து வைத்தார். என்ன சொல்கிறான் என்று அம்மா கேட்டார். எண்ணெய் என்றுதான் என்றேன். வழக்கமாகக் கடைகளில் பணத்தை என் கையில் தந்து நீட்டச் சொல்பவர், அன்று தாமே நீட்டினார். பையைத் தூக்க முன்வந்த என் கையை விலக்கி, தாமே எடுத்து மேலங்கிக்குள் மார்போடு அணைத்துக்கொண்டார்.

தரிப்பிடத்தை அடைந்ததும் போத்தலை அப்பாவிடம் நீட்டினார். “இந்தாங்கோ உங்கட பாய்மம்.”

அப்பாவின் முகம் மலர்ந்ததை இன்றும் காண்கிறேன். தம் சொல்லாராய்ச்சி இறுதியில் ஏற்கப்பட்டது என அவர் கொண்டார். நானும் அவ்வாறே கொண்டேன். இம்முறை புனலை அம்மாவே அசையாமல் பிடித்தார், மாமா ஊற்றினார். சிவப்பு, குறியைத் தொட்டது. நெம்பை இழுத்தவுடன் மகிழுந்து சிந்திக்காமல் நகர்ந்தது. ஞாயிறு விடியலில் நாங்கள் புறப்பட்டோம். நகரத்தைக் கடக்குமுன், மாமா என் பக்கம் திரும்பிக் கடைக்காரர் அதற்கு என்ன பெயர் சொன்னார் என்று கேட்டார். பாய்மம் என்றேன். அப்படிச் சொல்லும்படி கடையிலிருந்து திரும்பும் வழியில் அம்மா எனக்குக் கட்டளையிட்டிருந்தார்.

அவ்வழியில் அவர் வேறொன்றும் சொன்னார். என்னிடமன்று, மூச்சு வாங்க மேடேறியபடி, தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

“வாங்கினவையைத்தானே பிடிக்கும். ஊத்துறவையை ஒண்டும் செய்யாது.”

“ஆர் பிடிக்கிறது?” என்று கேட்டேன்.

“ஒண்டுமில்லை. கெதியா நட.”

நான் அந்த வாக்கியத்தின் எழுவாயை மட்டுமே தேடினேன். அதில் இரண்டாம் வேற்றுமை ஏற்று நின்றவர், மேலங்கிக்குள் ஒரு போத்தலை அணைத்தபடி, எனக்கு ஓரடி முன்னே நடந்துகொண்டிருந்தார்.