ரோசிமத் அண்ணன் வெட்டிய மரம்

எங்கள் தெருவில் அரசாங்கத்தின் சொல்லைத் தட்டாத ஆள் யார் என்று கேட்டால், நாய்கூட நேராக ரோசிமத் அண்ணன் வாசலில் போய் நிற்கும். அப்படியொரு மனிதர். கூட்டுப் பண்ணைக் காலத்தில் பிறந்தவர். பட்டாளத்துக்கு வா என்றார்கள், போனார். சைபீரியப் பனியில் ஒரு காதின் நுனியைப் பறிகொடுத்துவிட்டு வந்தார். பண்ணையில் டிராக்டர் ஓட்டு என்றார்கள், ஓட்டினார். பிறகு பண்ணையைக் கலைத்து நிலத்தைக் குத்தகைக்குப் பிரித்தபோது, ஃபர்கானாப் பள்ளத்தாக்கின் இந்த மூலையில் எவனும் சீந்தாத உப்புத் தரையை அவர் தலையில் கட்டினார்கள். அதற்கும் தலையாட்டினார்.

நாணல் மண்டிக் கிடந்த நிலம் அது. வடிகால் வெட்டினார், குளிர்காலம்தோறும் தண்ணீரை நிறுத்தி உப்பைக் கழுவினார். மண் வாயில் வைக்கும்படி ஆவதற்குள் அவருக்குத் தலை நரைத்துவிட்டது. ஒரே மகன் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தான். அவன் என்றைக்காவது திரும்பி வந்தால் கால் ஊன்ற அந்த நிலம் ஒன்றுதான் உண்டு என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் நிலம் அவருடையதல்லவே. அதில் எங்கே பருத்தி, எங்கே கோதுமை என்பதை மாவட்ட அலுவலகம் சொல்லும். ஒரு வருஷம் வரப்போரமாகக் கேரட் போட்டிருந்தார். கேரட் இல்லாமல் புலாவ் ஏது? வரைபடத்தில் அந்த இடம் பருத்தி என்று ஒரு டிராக்டரை அனுப்பி, முளைத்து நின்ற பச்சையை உழுது தள்ளினார்கள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வயிறெரிந்து ஓடிப்போய்ப் பார்த்தால், அண்ணன் அந்த டிராக்டர்காரனுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

"அவன் என்ன பண்ணுவான் வாத்தியாரே, சொன்னாங்க, செய்யறான்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் தேநீர் குடிக்காமலேயே வந்துவிட்டேன்.

நான் சொல்லவந்தது போன வசந்தத்தில் நடந்தது. யாரோ பெரிய இடத்து ஆள் எங்கள் சாலை வழியாகப் போகப்போகிறார் என்று பேச்சு. சாலையோரம் நெடுக மல்பெரி மரங்கள் நின்றன. பழம் விழுந்து தார்ச்சாலை கறையாகிறது, மரமெல்லாம் கோணல் மாணலாக இருக்கிறது, எல்லாவற்றையும் வெட்டுங்கள் என்று மாவட்டத்துப் பசுமைப் பிரிவிலிருந்து உத்தரவு வந்தது. பசுமைப் பிரிவாம்! ஊர்வேலை என்று வீட்டுக்கு ஓர் ஆள் போக வேண்டும். வாத்தியார்களுக்கும் விலக்கில்லை. நானும் அண்ணனும் ஒரே ரம்பத்தின் இரண்டு முனைகளைப் பிடித்து இழுத்தோம். பெரிய இடத்து ஆள் கடைசிவரை வரவேயில்லை.

வெட்டிய அடிமரங்களில் பால் காய்வதற்குள் பட்டுப்புழுப் பெட்டிகள் வந்து சேர்ந்தன. அது எங்களுக்கு வருஷா வருஷம் வரும் கிரகம். கையடக்கப் பெட்டியில் கடுகைப்போலப் புழுக்குஞ்சுகளைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். வீட்டில் நல்ல அறையை ஒழித்து அவற்றுக்குக் கொடுத்துவிட்டு நாம் சமையற்கட்டில் படுக்க வேண்டும். பூண்டு வதக்கக்கூடாது, உரக்கப் பேசக்கூடாது. மல்பெரி இலையைத் தவிர வேறெதையும் அவை தொடாது. கடைசியில் கூடுகளை எடைபோட்டுக் கொடுக்க வேண்டும். குத்தகை நிலம் வைத்திருப்பவன் கொடுக்கவில்லையென்றால் நிலம் போய்விடும்.

அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போனார். பட்டுக்கூட்டு அதிகாரி மிர்ஸோஹித், என்னிடம் படித்தவன்தான்.

"மரத்தையெல்லாம் வெட்டிட்டோமேப்பா, இலைக்கு எங்க போறது?" என்று அண்ணன் கேட்டார்.

"அண்ணே, ரூம் மாறி வந்துட்டீங்க. மரம் எதிர் ரூம்."

எதிர் அறையில் பசுமைப் பிரிவுக்காரர் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். "நாங்க மரத்தை வெட்டச் சொன்னோம். புழு வளர்க்கச் சொன்னோமா?" என்றார். அதுவும் நியாயம்தானே! மறுபடியும் முதல் அறைக்கே வந்தோம்.

"அப்ப புழு எதைப்பா தின்னும்?" என்றார் அண்ணன்.

"இலையை."

"எந்த இலையை?"

"மல்பெரி இலையை. அதுகூடத் தெரியாமலா இத்தனை வருஷம் வளர்த்தீங்க?" என்ற மிர்ஸோஹித், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கூடு வரலைன்னா உங்க நிலத்தைப் பத்தி யோசிப்பாங்க அண்ணே. நான் சொல்லலை. மேல சொல்றாங்க."

என் வீட்டுப் புழுக்கள், தோலுரிக்க அசையாமல் கிடக்குமே, அந்த இரண்டாம் உறக்கத்திலேயே செத்துப்போயின. எனக்கு நிலம் கிடையாது, திட்டோடு போயிற்று. அண்ணனால் அப்படி விட முடியுமா? சைக்கிளை மிதித்து ஊர் ஊராகப் போனார். முற்றத்தில் மரம் வைத்திருந்தவர்கள் காவலுக்கு ஆள் போட்டிருந்தார்கள். எங்கெங்கோ கெஞ்சிக் கொண்டுவந்த இலை வழியிலேயே வாடியது. நாலாம் உறக்கம் முடிந்து எழுந்த புழுக்களின் பசி இருக்கிறதே, அது சாதாரணப் பசியில்லை. கொப்பு கொப்பாகக் கேட்கும். தின்னும் சத்தம் கூரையில் மழை பெய்வதுபோல் இருக்கும்.

ஒருநாள் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. அண்ணனின் மனைவி ஹவஸ்கான் அக்கா வந்து, "வாத்தியாரே, கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தேன். அறை நிறைய வெறும் குச்சிகள். அவற்றின்மேல் அத்தனை புழுக்களும் தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தன. அண்ணன் சுவரோரம் குந்தியிருந்தார். சட்டென்று எழுந்து ரம்பத்தை எடுத்தார்.

அவர் ஊர் இடுகாடான கபர்ஸ்தான் பக்கம் திரும்பியபோதுதான் எனக்குப் புரிந்தது. அங்கே அவர் அம்மாவின் கபருக்குத் தலைமாட்டில் ஒரு பெரிய மல்பெரி நின்றது. கபர்ஸ்தான் மரத்திலிருந்து எங்கள் ஊரில் எவனும் காய்ந்த சுள்ளியைக்கூட வீட்டுக்கு எடுத்துவர மாட்டான். பஞ்ச காலத்தில், விறகில்லாமல் விறைத்துச் செத்தவர்கள்கூட எடுக்கவில்லை.

கபர்ஸ்தான் வாசலில் மறித்தேன். "அண்ணே, வேண்டாம். இது மட்டும் வேண்டாம்."

"வேற ஒரு மரத்தைக் காட்டு வாத்தியாரே, அங்க போறேன்" என்றார்.

வழியை விட்டு விலகினேன். அவர் கையேந்தி துவா ஓதினார். முகத்தைத் தடவிக்கொண்டு மரத்தில் ஏறினார். அன்றும் அடுத்த நாட்களிலும் கிளை கிளையாக அறுத்து மரத்தை மொட்டையாக்கிவிட்டார்.

ஊரில் யாரும் வாய் திறந்து ஒரு சொல் கேட்கவில்லை. ஆனால் அக்கா சுட்ட ரொட்டியை அதன்பிறகு ஒருவரும் பிட்டு வாயில் வைக்கவில்லை. அந்தக் குச்சிகளைத் தந்தூரில் எரித்திருப்பார்களோ என்ற பயம்தான். உண்மையில் இலை தின்று முடிந்த ஒவ்வொரு கொப்பையும் அண்ணனும் அக்காவும் சுமந்துபோய் அந்த மரத்தடியிலேயே திரும்பப் போட்டார்கள். இலையை எடுத்தது பசிக்கு, கட்டை இறந்தவர்களுடையது என்பது அவர்கள் கணக்கு. மரத்தடியில் ஆள் உயரத்துக்குக் குவியல் எழுந்துவிட்டது.

கூடு வந்தது. பால்போல வெள்ளைக் கூடு. சொன்ன எடைக்கு மேலேயே கொடுத்தார். நிலம் பிழைத்தது என்று நானே போய் அவரைக் கட்டிப்பிடித்தேன்.

ஜூன் வெயிலில் ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். முதலில் மிர்ஸோஹித் எழுந்து, ரோசிமத் அண்ணனை மேடைக்குக் கூப்பிட்டு, பஞ்சு வைத்துத் தைத்த மரியாதை அங்கியைப் போர்த்திவிட்டான். கைதட்டினோம். அடுத்து எதிர் அறைக்காரர் எழுந்தார். கபர்ஸ்தானில் அந்தக் குவியலைப் படமெடுத்து வந்திருந்தார். அனுமதியில்லாமல் மரத்தைச் சேதப்படுத்தியது பெரும் குற்றமாம். குத்தகை ரத்து என்று வாசித்தார். அந்தக் கட்டைகளை அடுப்பில் வைத்து எரித்திருந்தால் ஒரு குருவிக்கும் தெரிந்திருக்காது. மரியாதை தெரிந்த மனிதர்களாக இருந்ததால் மாட்டிக்கொண்டார்கள்.

அண்ணன் அங்கியோடு வியர்த்து நின்றார். "இதைக் கழட்டிக் குடுத்துடணுமா?" என்று கேட்டார்.

"வேணாம் வேணாம். அது வேற பிரிவு" என்றார் பசுமைப் பிரிவுக்காரர்.

யாரும் சிரிக்கவில்லை. என்னையும் சேர்த்து ஒருவரும் எழுந்து நின்று கேட்கவுமில்லை. அந்த மண்டபத்தில் ஒவ்வொருவனுக்கும் பறிபோக ஏதோ ஒன்று இருந்தது.

தண்டனை அதோடும் முடியவில்லை. வெட்டிய மரத்துக்கு ஈடாக இலையுதிர்காலத்தில் அவர் சாலையோரம் ஊசியிலைக் கன்றுகள் நட வேண்டும் என்றார்கள். மல்பெரி நின்ற அதே இடங்களில், பழைய வேர்களைக் கடப்பாரையால் பெயர்த்துப் பெயர்த்துக் குழி வெட்டினார். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் போய் மண் அள்ளிக் கொடுப்பேன். மகன் தொலைபேசியில் கூப்பிட்டால் நிலத்தைப் பற்றிச் சொல்லாமல் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவார்.

அப்படியொரு சாயங்காலம் எங்கள் பக்கத்தில் ஒரு கார் வந்து நின்றது. மிர்ஸோஹித் கண்ணாடியை இறக்கினான்.

"அண்ணே, அடுத்த வசந்தத்துக்கு உங்க பேர்ல ரெண்டு பெட்டி எழுதியிருக்கேன். இந்த ஊர்லயே நீங்கதான் நல்லாப் பண்றீங்க."

அண்ணன் நிமிர்ந்தார். அவர் முகத்தில் அப்படியொரு கோபத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "எனக்கு இப்ப நிலமே இல்லையேப்பா. இனிமே எதுக்குப் பயந்துக்கிட்டு நான் புழு வளர்க்கணும்?"

மிர்ஸோஹித் கோபப்படவில்லை. கொஞ்சம் வருத்தப்பட்டதுபோலக்கூட இருந்தது.

"வீடு இருக்குல்ல அண்ணே?" என்றான்.

அண்ணன் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"இருக்குப்பா" என்றார்.